தலைக்கு ஒரு மூடி

அஞ்சப்பனின் விசைப்படகு நடுக்கடலில் ஸ்டாப்பிங் போட்டு ஆள் ஏற்றிய சங்கதியைச் சேந்தம்பட்டினத்தில் யாரிடம் கேட்டாலும் "ஆமா, ஏத்துச்சு, அதுக்கென்ன இப்ப?" என்பார்கள், பக்கத்து வீட்டு ஆடு வேலி தாண்டின மாதிரி, ஆனால் முதலில் ஏறினது யார், போனவர்கள் போன இடம் எது, இருக்கிறவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கொஞ்சம் தோண்டினால் ஆளுக்கொரு கதை வரும், கதைக்குள் கதை இடிக்கும், கடைசியில் "எங்களுக்கே ஒண்ணும் வெளங்கலப்பா, ஆளை விடு" என்று வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அஞ்சப்பன் ஒருத்தன்தான் பொறுமையாக இஞ்சினிலிருந்து ஆரம்பிப்பான்.

அந்த இஞ்சின் கடலுக்கென்று செய்த இஞ்சின் இல்லை. ஒரு காலத்தில் மீமிசலுக்கும் அறந்தாங்கிக்கும் நடுவே ஓடிய பச்சை பஸ்ஸின் இஞ்சின் அது. பஸ் கிழடு தட்டிக் காயலான் கடைக்குப் போனதும் அஞ்சப்பன் போய் இஞ்சினை மட்டும் பேரம் பேசி வாங்கி வந்து படகில் இறக்கினான். பழைய லாரி இஞ்சினையும் பஸ் இஞ்சினையும் படகில் மாட்டுவது அந்தக் கரையில் ஒரு அதிசயமும் இல்லை. ஆனால் பச்சை பஸ் என்று சொன்னதும் ஊரே முகத்தைச் சுளித்தது, ஏனென்றால் அது நிற்கவேண்டிய இடத்தில் நின்றதாகச் சரித்திரமே கிடையாது. கூட்டம் இருந்தால் இடமில்லை என்று நிற்காது, ஒற்றை ஆள் நின்றால் இதுக்கு எவன் பிரேக் போடுவான் என்று நிற்காது, அந்தக் கரையில் அதற்குக் கைகாட்டி ஓடிப் புழுதி தின்னாத ஆளே இல்லை.

அப்படிப் புழுதி தின்றவர்களில் அஞ்சப்பனின் பெண்டாட்டி அமிர்தமும் ஒருத்தி. பத்தொன்பது வயசில், நர்ஸ் படிப்புக்கு ஆள் எடுக்கிறார்கள், காலையில் பத்து மணிக்குள் அறந்தாங்கியில் இருக்கவேண்டும் என்று, தாவணியும் ஃபைலும் கறுப்புக் குடையுமாக உப்பளத்து விலக்கு ஸ்டாப்பில் நின்றவள். பஸ் நிற்கவில்லை, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியும் நிற்கவில்லை, அடுத்த பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது இடமெல்லாம் நிரம்பியிருந்தது, அந்த ஆவணியிலேயே அவளை அஞ்சப்பனுக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். புள்ளைகுட்டி இல்லை. அவளுக்கு அவன், அவனுக்கு அவள். கருவாட்டு யாவாரம் பார்த்தாள், சண்டை வந்தால் மட்டும் "அன்னைக்கி அந்தச் சனியன் நின்னிருந்தா நான் ஏன் இங்க கெடக்கேன்" என்பாள், காயலான் கடையிலிருந்து இஞ்சின் வந்த அன்றைக்கு இடுப்பில் கைவைத்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னைய ஏத்தாமப் போன மூதேவியையே வீட்டுக்குக் கூட்டியாந்திருக்கீங்களே, நல்லா இருப்பீங்க" என்றாள். அஞ்சப்பன் சிரித்து மழுப்பினான். அந்த பஸ் நிற்காததால்தான் அவள் தனக்குக் கிடைத்தாள் என்று அவனுக்குத் தெரியும், அதற்காக மனசுக்குள் அந்த முகம் தெரியாத டிரைவரைக் கும்பிடாத நாள் இல்லை, இதை வெளியே சொன்னால் அகப்பை பறக்கும் என்பதும் தெரியும்.

பல வருஷம் இஞ்சின் ஒழுங்காகத்தான் உழைத்தது. அப்புறம் ஒரு மீன்பிடித் தடைக்காலம் முடியும் சமயத்தில் காலையில் ஸ்டார்ட் ஆக மூக்கால் அழுதது, கறுப்புப் புகை கக்கியது, பம்பில் ஊசி போல ஒரு கீச்சுச் சத்தம். மெக்கானிக் சிராஜுதீன் வந்து பம்பைக் கழற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"மாமா, இப்ப வர்ற டீசல்ல கந்தகத்தை எடுத்துட்டான். ஊருக்கு நல்லதுதான், புகை கொறையும். ஆனா கந்தகத்தை எடுக்கையில டீசல்ல இருந்த வழவழப்பும் போயிருது. புது இஞ்சினை அதுக்குத் தக்கன செஞ்சிருக்கான். உங்க கெழட்டுப் பம்புக்கு டீசல்தானே மசகு? காஞ்ச தொண்டையில சோறு எறங்குற மாதிரி தேயுது."

"அதுக்கு என்ன மாப்ளே பண்றது?"

"டீசல் மருந்துன்னு ஒண்ணு விக்கிது, டாங்கியில கலந்துட்டா வழவழப்பு திரும்பிரும், டீசல் பீச்சுற நாசிலும் சுத்தமாகும். டாங்கி ரொப்பறப்ப ஒரு மூடி ஊத்துங்க, போதும். கூட ஊத்தாதீங்க."

ஒரு மூடி என்றால் ஒரு மூடிதான். ஆனால் படகுக்காரன் கை அப்படி அளக்காது. படகில் எது போட்டாலும் ஆள் கணக்கு: அரிசி தலைக்கு ஒரு படி, குடிதண்ணீர் தலைக்கு ஒரு குடம், வெற்றிலை தலைக்கு ஒரு கவுளி, போடும்போதே அந்தந்த ஆளின் பேரைச் சொல்லித்தான் போடுவார்கள், பேர் சொல்லாமல் போட்ட படி யாருக்கும் சேராது என்பது அந்தக் கரையின் பழக்கம். தடைக்காலம் முடிந்து முதல் தடவை கடலுக்குப் போகும் காலையில் அஞ்சப்பன் டாங்கியைத் திறந்து, பழக்கதோஷத்தில், "அஞ்சப்பன்" என்று ஒரு மூடி, "மலைராசன்" என்று ஒரு மூடி, "உத்தராபதி" என்று ஒரு மூடி, மூன்று பேருக்கும் மூன்று மூடி ஊற்றிவிட்டான். மலைராசன் சமையல் பார்க்கிறவன், உத்தராபதி வலை இழுக்கிறவன்.

இஞ்சின் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆனது. புகையில்லை, கீச்சில்லை, வெண்ணெய் தடவின மாதிரி ஓடியது. கரை மறைந்து கொஞ்ச நேரத்தில், யாரும் கைவைக்காமலே, படகு மெல்ல வேகம் குறைந்து, ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. தண்ணீருக்கு மேல், பாதத்தில் புழுதியோடு, கையில் ஒரு தேங்காய்ப் பையோடு ஒரு விடலைப் பயல் நின்றுகொண்டிருந்தான்.

"எவ்வளவு நேரம்ணே நிக்கிறது? அக்கா கல்யாணம், முகூர்த்தம் தப்பிரும்" என்று சொல்லிக்கொண்டே பக்கவாட்டில் காலை ஊன்றி ஏறி, வலைக் குவியலில் உட்கார்ந்துகொண்டான். மலைராசன் அடுப்பில் கொதிக்கிற கஞ்சியை விட்டுவிட்டு அவனையே பார்த்தான். புருவத்துத் தழும்பு, ஒடிந்த பல், எல்லாம் மலைராசனுடையதேதான், விடலை வயசில் அந்தப் பச்சை பஸ்ஸுக்கு நின்ற மலைராசன். ஒரு டம்ளரில் கஞ்சி ஊற்றிக் கொடுத்தான். பயல் வாங்கிக் குடித்துவிட்டு, "உப்புக் கம்மிண்ணே" என்றான்.

அடுத்த ஸ்டாப்பில் இளவட்ட உத்தராபதி ஏறினான், சிங்கப்பூருக்கு ஆள் அனுப்புகிறவரைப் பார்க்கப் போகிறேன் என்று துணிப்பெட்டியோடு. அஞ்சப்பன் பேருக்கு ஊற்றின மூடிக்கு ஒருத்தரும் ஏறவில்லை. அவன் பிறந்ததிலிருந்து கடலிலேயே கிடந்தவன், எந்த பஸ்ஸுக்கும் காத்து நின்றதில்லை. மீன் பிடித்துக்கொண்டு, பயணிகளையும் ஏற்றிக்கொண்டு கரைக்கு வந்தார்கள். ஏறின இரண்டு பேரும் படகு கட்டும் ஜெட்டியில் இறங்கி, ஏலக்கூடத்துக்குள் புகுந்து, "அறந்தாங்கிக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டார்கள். மீன்காரிகள் கூடையை நகர்த்தி வழிவிட்டு, "ஐஸ் கம்பெனி தாண்டி நேரா போங்க தம்பி" என்றார்கள். ஐஸ் கம்பெனி வரைக்கும் போனது தெரிந்தது. அதற்கப்புறம் தெரியவில்லை.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்லவேண்டும். முதல் நாள் கூட்டம் கூடியது, இரண்டாம் தடவை கொஞ்சம் கூடியது, மூன்றாம் தடவை "ஒழுங்கா வரிசையில எறங்குங்க, இறாக்கூடையை மிதிக்காதீங்க" என்று அதட்டத் தொடங்கிவிட்டார்கள். படகுச் சங்கம் கூடி, இறங்கி வருகிறவர்களிடம் இது எந்த வருஷம் என்று யாரும் சொல்லக்கூடாது, பாவம் பயந்துவிடுவார்கள் என்று கட்டுப்பாடு போட்டது. டீக்கடையில் காலண்டரைத் திருப்பி மாட்டினார்கள், படகு வருகிற நேரத்தில் செல்போனை மடியில் செருகிக்கொண்டார்கள். பேர் சொல்லி ஒரு மூடி ஊற்றினால் அந்த ஆள் ஏறலாம் என்று தெரிந்துபோனதும் அஞ்சப்பன் வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தது. பரீட்சைக்குப் போக நின்றவர்கள், ஆஸ்பத்திரியில் கிடந்த அப்பனைப் பார்க்க நின்றவர்கள், யாருக்கும் சொல்லாமல் ஒருத்தனோடு ஓடிப்போக நின்று பஸ் நிற்காததால் வீடு திரும்பி, இன்றைக்குப் பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட, முந்தானைக்குள் மருந்து பாட்டிலை மறைத்துக்கொண்டு, "அஞ்சப்பண்ணே, ஒரே ஒரு மூடி, எம் பேருக்கு" என்று வந்தார்கள். சிராஜுதீன் தலையில் அடித்துக்கொண்டார். "மாமா, மருந்து மிஞ்சினா பம்பைக் கெடுக்கும்னு சொன்னேன், நீங்க ஊருக்கே ஊத்துறீங்க!" ஆனால் பம்பு கெடவில்லை.

ஏறிப் போனபின் என்ன ஆகும் என்பதில்தான் எல்லாருக்கும் குழப்பம். மலைராசன் மலைராசனாகத்தான் இருந்தான், ஆனால் அக்கா கல்யாணத்துக்குப் போனதும் ஞாபகமிருக்கிறது, போகாமல் ரோட்டோரம் உட்கார்ந்து அழுததும் ஞாபகமிருக்கிறது என்றான். பாயசத்தில் முந்திரி கருகியிருந்ததாம். "ரெண்டுல எது நெசம்டா?" என்றால் முழிப்பான். அதுகூடப் பரவாயில்லை. உத்தராபதியைக் காணோம். ஓடிப்போனான், செத்துப்போனான் என்று சொல்ல ஒன்றுமில்லை. அவன் வீடு இருந்த இடத்தில் வீடு இருந்தது, உள்ளே வேறு ஆட்கள் குடியிருந்தார்கள், எங்கள் பாட்டன் காலத்திலிருந்து இருக்கிறோம் என்றார்கள். அவன் பெண்டாட்டியாக இருந்தவள் அடுத்த தெருவில் இன்னொருத்தனுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள், ஆனாலும் சோறு போடும்போது ஒரு தட்டு கூட வைத்துவிட்டு, அதை ஏன் வைத்தோம் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். ஊரில் பாதிப் பேர் உத்தராபதி என்று ஒருத்தன் இருந்ததே இல்லை என்றார்கள். மீதிப் பேர் அவன் தரவேண்டிய பீடிக்கடனை ஞாபகம் வைத்திருந்தார்கள்.

அன்றிலிருந்து அஞ்சப்பன் கடலை நிமிர்ந்து பார்க்கவே பயந்தான். காரணம், பேர் சொல்லி மூடி ஊற்றாத ஆட்களும் கடலில் நின்றுகொண்டுதான் இருந்தார்கள், படகு அவர்களைக் கடந்துதான் போகும், அவர்கள் கைகாட்டிக்கொண்டே நிற்பார்கள். அதில் வரிசையின் கடைசியில், கணவாய் மீன் படுகிற ஆழத்துக்குப் பக்கத்தில், நீலத் தாவணியும் ஃபைலும் கறுப்புக் குடையுமாக ஒரு பெண் நிற்கிறாள். கழுத்து நீளம், நெற்றி அகலம், கோபம் வந்தால் விடைக்கிற, அமிர்தத்தின் அதே மூக்கு. படகு கடக்கும்போது கைகாட்டுவாள். நிற்காது என்று தெரிந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீர் மேல் ஓடிவருவாள். "அண்ணே! நிறுத்துங்கண்ணே!" என்ற குரல் இஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். அஞ்சப்பன் திசைகாட்டியைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொள்வான். ஒரு மூடி ஊற்றினால் போதும். ஊற்றினால் அவள் நர்ஸாகப் போய்விடுவாள், இவன் வீட்டில் வேறு எவளோ இருப்பாள், இவன் ஒரு தட்டு கூட வைத்துவிட்டு முழித்துக்கொண்டு நிற்பான். வேண்டாம்டா சாமி என்று ஒவ்வொரு தடவையும் கடந்து வந்தான். வந்து, வீட்டில் அமிர்தம் போட்ட சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவான்.

கடைசியில் மருந்தே வேண்டாம் என்று நிறுத்திவிட்டான். மருந்து இல்லையென்றால் ஸ்டாப்பும் இல்லை, ஆளும் இல்லை, ஓடிவருகிறவளும் இல்லை. கடல் வெறுங்கடலாகக் கிடந்தது. ஆனால் பம்பில் மறுபடி கீச்சு வந்தது, புகை வந்தது, ஒரு நாள் பாதி வழியில் இஞ்சின் விக்கி நின்று, வேறு படகு கட்டி இழுத்து வரவேண்டியதாயிற்று. ஜெட்டியில் சிராஜுதீன் கத்தினார்: "என்ன மாமா பைத்தியமா உங்களுக்கு? பம்பு போச்சுன்னா படகே போச்சு!" அஞ்சப்பன் குனிந்து கயிற்றைச் சுருட்டினான். பக்கத்தில் நின்ற மலைராசனுக்கு மனசு கேட்கவில்லை, கருவாடு அள்ளிக்கொண்டிருந்த அமிர்தத்திடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

அமிர்தம் கையைக் கழுவவில்லை. கருவாட்டுக் கையோடு நேராகப் படகுக்கு வந்தாள்.

"நான் அங்க நிக்கிறனா?"

அஞ்சப்பன் அவள் முகத்தைப் பார்க்காமல் தலையை ஆட்டினான்.

"ஓடுறனா?"

"ம்."

"எத்தனை தடவை?"

"அமிர்தம், அந்த உத்தராபதி கதி தெரியும்ல? நீ ஏறிட்டா, அப்புறம் நீ..." அவன் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "எனக்கு ஒன்னைய விட்டா யாரு இருக்கா?"

அவள் கருவாட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அவனைப் பார்த்தாள். கோபமா, பாசமா என்று அவனுக்கு விளங்கவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

"அன்னைக்கி நிக்காமப் போனவன் எவனோ ஒரு டிரைவரு. அவனை நான் திட்டித் தீத்துட்டேன். இப்ப நிக்காமப் போறது நீங்க. இதை யாருகிட்டப் போயி திட்டுறது?"

"போயிருவியே புள்ள."

"போனாப் போறேன், இருந்தா இருக்கேன். எனக்கென்ன தெரியும்? ஆனா அந்தப் புள்ள வெறுங்காலோட ஓடுறா. அது எனக்குத் தெரியும், அன்னைக்கிக் கொப்புளம் போட்டது எனக்குத்தான். எம் பேரைச் சொல்லி ஊத்துங்க."

சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். மறுநாள் விடியும்போது அவள் அவனுக்குத் தூக்குவாளியில் சோறு கட்டிக் கொடுத்தாள், ஜெட்டி வரைக்கும் வராமல் வாசலோடு நின்றுகொண்டாள். அவளுடைய வெற்றிலைக்கறைப் பல்லையும் நரைத்த வகிட்டையும் தேய்ந்த தோட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டு அஞ்சப்பன் நடந்தான்.

டாங்கியைத் திறந்து, மூடியில் மருந்தை ஊற்றி, வெகுநேரம் கையில் பிடித்திருந்தான். கட்டின நாளிலிருந்து ஏய், புள்ள, இந்தா என்று ஆயிரம் விதமாகக் கூப்பிட்டிருக்கிறான், முழுப்பேரைச் சொல்ல இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைத்ததில்லை. "அமிர்தவல்லி" என்று சொல்லி ஊற்றினான்.

படகு கணவாய் ஆழத்துக்குப் பக்கத்தில் நின்றது. அந்தப் பெண் குடையை மடக்கிக்கொண்டு, மலைராசன் நீட்டின கையைப் பிடிக்காமல் தானே ஏறினாள்.

"அண்ணே, இது அறந்தாங்கி போகும்ல?"

"போகும்... தங்கச்சி" என்றான் அஞ்சப்பன். அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவன் பட்ட பாடு அவனுக்கும் கடலுக்கும்தான் தெரியும்.

"பத்து மணிக்குள்ள போயிருவோமா? நர்ஸ் படிப்புக்கு ஆள் எடுக்குறாக. லேட்டாப் போனா சேத்துக்க மாட்டாக."

அவன் வானத்தைப் பார்த்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மடிவலை தண்ணீரில் கிடந்தது, மீன் விழுந்துகொண்டிருந்த நேரம். இப்போது வழக்கம்போல மீன் பிடித்துவிட்டுக் கரைக்குப் போனால் சாயங்காலம் ஆகும், பத்து மணி போய்விடும், அவள் அழுதுகொண்டு திரும்புவாள், எல்லாம் நடந்த மாதிரியே நடக்கும், ஆடி போய் ஆவணி வரும், அவள் அவனுக்கே கிடைப்பாள். ஏற்றிக்கொண்டேனே, சொன்னதைச் செய்தேனே என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். கொஞ்சம் மெதுவாகப் போனால் போதும். ஒருத்தருக்கும் தெரியாது.

அவள் வலைக் குவியலில் உட்கார்ந்து, ஃபைலை மடியில் வைத்து, காலில் அப்பியிருந்த புழுதியைத் தாவணி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தாள். குதிகாலில் பெரிய கொப்புளம்.

"மலைராசு, மடியைத் தூக்கு" என்றான் அஞ்சப்பன்.

"இப்பத்தானண்ணே போட்டோம்?"

"தூக்குடாங்குறேன்! புள்ளைக்கு நேரமாகுது."

அவன் இஞ்சினை முழுசாக முடுக்கினான். அந்தக் கிழட்டு இஞ்சின் ஒரு முனகல் இல்லாமல், புகை இல்லாமல், அன்றைக்குத்தான் வார்த்தெடுத்தது மாதிரி இழுத்தது, பக்கத்தில் போன படகுகளையெல்லாம் பின்னே தள்ளிவிட்டு, அலையை இரண்டாகப் பிளந்துகொண்டு பறந்தது. அவன் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டும் ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டும், சீக்கிரம் சீக்கிரம் என்று இஞ்சினையும், வேண்டாம் வேண்டாம் என்று தன் மனசையும் ஒரே வாயால் கெஞ்சிக்கொண்டு வந்தான்.

"ஏண்ணே அழுவுறீங்க?"

"புகைம்மா."

"புகையே இல்லையேண்ணே" என்றாள் அவள், மூக்கை விடைத்து.

ஒன்பது மணிச் சங்கு ஊதும்போது ஜெட்டியைத் தொட்டார்கள். அவள் குதித்து இறங்கினாள், மீன்காரிகள் கூடையை நகர்த்தினார்கள், ஐஸ் கம்பெனி வரைக்கும் நீலத் தாவணி தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

அஞ்சப்பன் படகைக் கட்டக்கூட இல்லை. வீட்டைப் பார்த்து நடந்தான். பிறகு நடையைக் குறைத்தான். தெரு திரும்பினால் வீடு. திரும்பாதவரைக்கும் அவள் இருக்கிறாள் என்று தோன்றியது, அதனால் அந்த முக்கிலேயே நின்றான், எதிரே வந்த ஒருத்தி "என்னண்ணே இங்க நிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு திரும்பினான்.

வாசலில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே அமிர்தம் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், நரைத்த வகிடும் கறைப் பல்லுமாக. அவன் அவள் பக்கத்திலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.

"நேரத்துக்குப் போயிட்டாளா?" என்றாள்.

"போயிட்டா."

"திரும்பிப் பாத்தாளா?"

"இல்ல."

"நல்லதாப் போச்சு" என்றாள் அமிர்தம். அவள் முகத்தில் சிரிப்பும் இருந்தது, அழுகையும் இருந்தது, இன்னும் என்னமோ ஒன்று புதிதாக இருந்தது. அவனுடைய நெஞ்சு படபடவென்று அடிப்பதைப் பார்த்தவள், அவன் கையை எடுத்துத் திருப்பி, மணிக்கட்டில் கட்டைவிரலுக்குக் கீழே மூன்று விரலை நேராக வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.

அஞ்சப்பன் அவள் விரலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இது எங்கடி படிச்ச?"

அமிர்தமும் தன் விரலைக் குனிந்து பார்த்தாள், வேறு யாருடைய விரலையோ பார்ப்பது போல.

"தெரியலங்க" என்றாள். "செத்த நேரம் பேசாம இருங்க, எண்ணிக்கிட்டிருக்கேன்."